மௌத்தான வீட்டுக்கும் பெருநாள் வரும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கி வருகிறது. புடைவைக் கடைகளில் கூட்டம் கூடத் தொடங்கிவிட்டது. குர்பான் மாட்டு விலை பற்றிய கதை பள்ளிவாசல் முற்றத்தில் ஆரம்பித்துவிட்டது. இதே நாட்களில் நம் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சில வீடுகள் சத்தமில்லாமல் இருக்கும். இந்த வருடத்துக்குள் வாப்பாவையோ உம்மாவையோ கணவனையோ பிள்ளையையோ மையவாடிக்கு அனுப்பிய வீடுகள் அவை. அந்த வீட்டாரிடம் "பெருநாளைக்கு என்ன ஏற்பாடு?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மனம் நோகும் என்று நினைக்கிறார்கள். கேட்காமல் விடுவதும் நோகத்தான் செய்கிறது என்பது எனக்கு இந்த நோன்புப் பெருநாளில்தான் தெரிந்தது.

எங்கள் வாப்பா ரஜப் பிறை 20 இல் மௌத்தானார். மாரடைப்பு. ஊரில் தையல் கடை வைத்திருந்தவர். நோன்பு கடைசிப் பத்தில் ஸஹர் வரைக்கும் கடை வெளிச்சம் அணையாது. ஊர்ப் பிள்ளைகளின் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, எங்கள் உடுப்பைப் பெருநாள் இரவில்தான் வெட்டுவார். காலையில் பொத்தான் கட்டியபடியே தொழுகைக்கு ஓடுவோம். அப்படிப்பட்ட ஒருவர் இல்லாத முதல் பெருநாளை எப்படிக் கடப்பது? அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் நோன்பு பத்திலேயே வந்துவிட்டது. அதற்கு விடை தேடியபோது மார்க்கத்தில் நான் படித்தவற்றையும், வீட்டில் நாங்கள் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இந்த ஹஜ்ஜுப் பெருநாளை இதே நிலையில் சந்திக்கப் போகும் குடும்பங்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

கிழக்கில் பல குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. மௌத்து நடந்த வீடு முதல் பெருநாளை "எடுக்காது". புது உடுப்பு இல்லை, பலகாரம் இல்லை, வருகிறவர்கள் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். எங்கள் மாமி, அதாவது வாப்பாவின் ராத்தா, நோன்பு இருபதில் வந்து கேட்டார்: "மௌத்தூட்டுல வட்டிலப்பம் அவிக்கிறயா மகள்? ஊரு என்ன சொல்லும்?" தம்பியை இழந்த மனுஷி அவர். அவரோடு வாக்குவாதப்பட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்குள் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

மனதில் இருக்கும் கவலை ஒன்று. துக்கம் அனுஷ்டிப்பது, அதாவது அலங்காரங்களைத் தவிர்த்து ஒதுங்கியிருப்பது இன்னொன்று. முதலாவதற்கு மார்க்கம் கால எல்லை எதையும் வைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத எதையும் சொல்லமாட்டோம் என்ற கருத்தில் அவர்கள் கூறியது நமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ். இரண்டாவதற்குத்தான் எல்லை இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். ஸூரதுல் பகராவின் 234 ஆவது வசனம் இதைச் சொல்கிறது. மற்ற உறவுகளுக்காகப் பெண்கள் துக்கம் அனுஷ்டிக்க மூன்று நாட்களுக்கு மேல் அனுமதியில்லை.

இதற்கு ஆதாரமான ஹதீஸின் பின்னணி மிகவும் உருக்கமானது. நபியவர்களின் மனைவி உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் தந்தை அபூஸுஃப்யான் (ரலி) இறந்த பின், அவர் வாசனைத் திரவியத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டார். தனக்கு அதில் நாட்டமில்லை, மூன்று நாளுக்கு மேல் துக்கம் அனுஷ்டிக்க வேண்டாம் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதற்காகவே பூசுகிறேன் என்றார். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. வாப்பா மௌத்தான ஒரு மகள், மனம் இல்லாமலேயே அத்தர் பூசியிருக்கிறார். மனம் சரியாகும் வரை அவர் காத்திருக்கவில்லை. இதை எத்தனையோ தடவை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருடம்தான் அது என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஆக, எங்கள் வீட்டில் துக்கம் அனுஷ்டிக்கும் கடமை ஒருவருக்கு மட்டுமே இருந்தது. அது உம்மா. ரஜப் 20 இலிருந்து எண்ணினால் அவரது இத்தா துல்கஃதா கடைசி வரை போகும். நோன்புப் பெருநாள் அதற்குள் வருகிறது. அவருக்குப் புது உடுப்பு அலங்காரமோ மருதோன்றியோ அத்தரோ சுறுமாவோ கிடையாது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இத்தா என்ற பெயரில் நம் ஊர்களில் இதற்கு மேலும் பலவற்றைச் சுமத்துகிறோம். இருட்டறையில் இருக்க வேண்டும், வெள்ளை மட்டும்தான் உடுக்க வேண்டும், கண்ணாடியை மூடிவைக்க வேண்டும், பிறை பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றுக்கு ஃபிக்ஹில் இடமில்லை. அலங்காரமில்லாத எந்த நிற உடுப்பும் உடுக்கலாம். குளிக்கலாம், தலை வாரலாம், பலகாரம் சுடலாம், சாப்பிடலாம், பேரப்பிள்ளைகளோடு விளையாடலாம். மஹ்ரமான ஆண்களோடும் எல்லாப் பெண்களோடும் உட்கார்ந்து கதைக்கலாம். மருந்து எடுப்பது போன்ற தேவைக்குப் பகலில் வெளியே போய் வரவும் இடமுண்டு. இரவில் தன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். இத்தாவிலிருக்கும் பெண் எதை உடுக்கக் கூடாது, எதைப் பூசக் கூடாது என்ற ஹதீஸை அறிவித்தவர் உம்மு அதிய்யா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண். பெருநாள் தினத்தில் பெண்களையெல்லாம், மாதவிடாய்க்காரர்களைக்கூட, தொழும் திடலுக்கு அழைத்து வரும்படி நபியவர்கள் ஏவியதை அறிவித்தவரும் அவரே. நபியவர்களின் மகள் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருவரும் அவர்தான். மையித்தைக் கழுவிய அதே கைகள் பெருநாள் திடலுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கின்றன. மௌத்து ஒரு பக்கம், பெருநாள் ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருப்பதுபோல் அந்தச் சமூகம் வைத்திருக்கவில்லை.

அந்த முதல் நோன்புப் பெருநாளையே எடுத்துப் பாருங்கள். நோன்பு கடமையாக்கப்பட்டது ஹிஜ்ரி 2 இல். அந்த ரமழான் 17 இல் பத்ர் யுத்தம். நபியவர்களின் மகள் ருகையா (ரலி) அப்போது கடும் சுகவீனம். அவரைக் கவனிப்பதற்காகக் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை யுத்தத்துக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் மதீனாவிலேயே நிறுத்திவிட்டுச் சென்றார்கள். வெற்றிச் செய்தியோடு ஸைத் (ரலி) மதீனாவுக்குள் வந்தபோது ருகையா அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. பத்ரில் 14 ஸஹாபாக்கள் ஷஹீதாகியிருந்தார்கள். அது நடந்து இரண்டு வாரங்களுக்குள் வந்ததுதான் இஸ்லாமிய வரலாற்றின் முதல் நோன்புப் பெருநாள். மகளை இழந்த தந்தை, மனைவியை இழந்த உஸ்மான், மகனைத் திரும்பக் காணாத தாய்மார். அந்தப் பெருநாள் தள்ளிப் போடப்படவில்லை. இதைப் படித்த அன்று இரவு உம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பிள்ளையளுக்கு உடுப்பு எடுங்க" என்றார்.

நம் நாட்டு முஸ்லிம்களுக்கும் இப்படியான பெருநாட்கள் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் அடுத்த நோன்புப் பெருநாளைப் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் கழித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு ஒரு மாதம் ஆவதற்குள், 2005 ஜனவரியில், ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் அன்று யார் வீட்டில் மௌத்தில்லை என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2019 இல் ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு வந்த நோன்புப் பெருநாளைப் பயத்தோடு கொண்டாடினோம். அதற்கு முந்திய மாதம்தான் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்திருந்தன.

2020 இல் நிலைமை இன்னும் மோசம். மே 24 பெருநாளன்று நாடு முழுக்க ஊரடங்கு. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. அதைவிடக் கொடுமை, கொவிட்டில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தல். அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியில்தான். அதன் பிறகே ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் தம் உறவுகளைச் சாம்பலாகக் கண்ட குடும்பங்களுக்குப் போய் நிற்க ஒரு கப்ருகூட இல்லை. அவர்களும் பெருநாள் காலையில் எழும்பித்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் காய்ச்சித்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அதே 2020 பெருநாளைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரித்துத்தான் கதைப்போம். அன்று வாப்பா விறாந்தையில் பாய் விரித்து எங்களுக்கெல்லாம் இமாமாக நின்றார். முதல் ரக்அத்தில் ஏழு தக்பீர், இரண்டாவதில் ஐந்து. இரண்டாவது ரக்அத்தில் அவர் எண்ணிக்கை தவறி நின்றபோது, பின்னாலிருந்து என் சின்ன மகள் "இன்னும் ஒன்று இரிக்கு மூத்தாப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். உம்மா தன் வாழ்நாளில் கணவனோடும் பிள்ளைகளோடும் ஒரே ஸஃப்களில் நின்று தொழுத பெருநாள் அது ஒன்றுதான். ஊரடங்கு இல்லாவிட்டால் அது கிடைத்திருக்காது. நல்ல பெருநாட்கள் பல எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

2022 உம் அப்படித்தான். மே 3 பெருநாள். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மின்வெட்டு. வளவில் கல் மூன்று வைத்து விறகில் வட்டிலப்பம் அவித்தோம். முட்டை விலையைக் கேட்டுவிட்டு உம்மா பாதி முட்டையோடு நிறுத்தினார். அது இறுகவில்லை. கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் மற்ற வருடங்களில் ஒரு துண்டுதான் கிடைக்கும். அந்த வருடம் "இது வட்டிலப்பமில்ல, பாணி, இதுக்குக் கணக்கில்ல" என்று இரண்டு கோப்பை குடித்தார்.

இவற்றையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்கு வருவோம். பணம் முதல் பிரச்சினை. கடை வருமானம் நின்றுவிட்டது. பெருநாளுக்காக நகை அடகு வைப்பது நம் சமூகத்தில் சாதாரணமாகிவிட்டது; மௌத்துச் செலவுக்குப் பிறகு வரும் பெருநாளில் இது இன்னும் அதிகம். என்னைக் கேட்டால், ஒரு நாள் உடுப்புக்காக வட்டிக் கடனுக்குள் போவதைவிடப் பழைய உடுப்பைத் துவைத்து உடுப்பது எவ்வளவோ மேல். இருப்பதில் நல்லதை உடுப்பதுதான் ஸுன்னத். புதிது வாங்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. குர்பானும் ஷாஃபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்; வசதியில்லாதவர் கொடுக்காததற்காக ஊருக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் தீர்வு வாப்பாவின் அலுமாரியிலிருந்தே வந்தது. முப்பது வருடம் தைத்தவர் துண்டுத் துணி ஒன்றையும் எறியவில்லை. மூன்று உரப்பை நிறைய இருந்தன. தங்கை ஸுஹைலில்லாத நேரம் பார்த்து, தராவீஹ் முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, அவரது இயந்திரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தையல் முழுமையாகத் தெரியாது. என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் காக்காவின் மகளுக்கும் சட்டை தைத்தாள். ஒரு சட்டையில் நான்கு நிறம். உம்மா அறைக்குள் இருந்தபடி, "அந்தத் தையல் வழியில இன்னும் அரை அங்குலம் விடு, பிள்ள வளரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பா மௌத்தான பிறகு அந்த இயந்திரச் சத்தத்தை அன்றுதான் முதல் தடவை கேட்டோம். உம்மா அழுதார். நிறுத்தட்டுமா என்று தங்கை கேட்டதற்கு, வேண்டாம் தை என்றார்.

உம்மா திடலுக்கு வர இயலாது. ஆனால் பெருநாள் தொழுகையைத் தனியாகவும் வீட்டிலும் தொழலாம். சூரியன் உதித்ததிலிருந்து ளுஹர் வரை நேரம் இருக்கிறது. தனியாகத் தொழுபவருக்குக் குத்பாவும் இல்லை. இது தெரியாமல் இத்தாவிலிருக்கும் எத்தனையோ தாய்மார் பெருநாள் காலையில் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பெண் பிள்ளைகளோடு வீட்டில் நின்றுகொண்டேன். உம்மா தொழுவித்தார், நாங்கள் பின்னால் நின்றோம். தக்பீர் சொல்லும்போது அவரது குரல் இரண்டு இடத்தில் நின்றது. தொழுகைக்கு முன்பே ஆளுக்கு மூன்று பேரீத்தம்பழம் சாப்பிட்டிருந்தோம். நோன்புப் பெருநாளில் ஒற்றைப்படையாக அவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போவது நபி வழி. ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுதுவிட்டு வந்து சாப்பிட வேண்டும். பெருநாள் இரண்டிலும் நோன்பு பிடிப்பதற்கே தடை. கவலையில் இருக்கிறேன், எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்பவரையும் அந்த நாள் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறது என்றே எனக்குத் தோன்றியது.

ஃபித்ரா அரிசியை அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். தலைக்கு ஒரு ஸாஃ, ஏறக்குறைய இரண்டரை கிலோ. வாப்பாதான் இதை வருடா வருடம் அளப்பார். இந்த வருடம் ஒரு பங்கு குறைந்தது. சின்னவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "மூத்தாப்பாக்கு?" என்று கேட்டாள். அவருக்காக ஸதகா கொடுக்கலாம் என்று சொன்னதும், தன் பெருநாள் சல்லியில் வாங்கித் தருவதாகச் சொன்னாள். பெருநாள் காலையில் அவள் சல்லியை எண்ணி, ஒரு கிலோ அரிசிக்குப் போதுமா என்று இரண்டு தடவை விசாரித்தாள்.

கட்டாரிலிருக்கும் தம்பிக்கு அங்கே ஒரு நாள் முன்னதாகப் பெருநாள். நாங்கள் நோன்போடு இருக்கும்போது அவன் வட்ஸ்அப்பில் புதுச் சட்டையோடு வந்தான். முன்பெல்லாம் "எங்கட நோன்ப முறிக்கப் பாக்குறான்" என்று வாப்பா ஏசுவார். இந்த முறை அந்த வரியை உம்மா சொன்னார். தம்பி தொலைபேசியை ஒரு நிமிடம் திருப்பி வைத்துக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் அரை மணி நேரம் கதைத்தார்கள்.

மாமி பெருநாளன்று வந்தார். அழுதுகொண்டேதான் வந்தார். அவரைத் தடுக்கவும் இல்லை, கூடச் சேர்ந்து நாங்களும் அழுதோம். பிறகு தட்டை வைத்தோம். வட்டிலப்பத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில், "தம்பிக்கு ஏலக்கா கூடப் போட்டாத்தான் விருப்பம், இதுல காணாது" என்றார். அன்று வீட்டில் நடந்த மிக நீண்ட கதை அதிலிருந்துதான் தொடங்கியது: வாப்பா சின்ன வயதில் கித்துள் பாணிப் போத்தலைத் திருடி முருங்கை மரத்தில் ஏறி ஒளிந்த கதை. எங்கள் யாருக்கும் தெரியாத கதை அது. வட்டிலப்பம் இல்லாதிருந்தால் மாமி அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவரது குடும்பத்தாருக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள் என்று நபியவர்கள் ஏவினார்கள். அவர்களுக்கு வேறு எதையும் கவனிக்க முடியாத நிலை வந்திருக்கிறது என்பதே காரணம். மௌத்தான மூன்று நாளும் இதை நாம் நன்றாகச் செய்கிறோம். முதல் பெருநாளுக்கும் செய்யலாம். எங்களுக்குப் பக்கத்து வீட்டார் ஒரு சட்டி புரியாணி அனுப்பினார்கள். அதனால் அன்று அடுப்படியில் நிற்கும் வேலை குறைந்து உம்மாவோடு இருக்க முடிந்தது. போனால் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைத் தவிர்த்துச் சுற்றி வளைத்துக் கதைப்பது வீட்டாருக்கு மூச்சு முட்டும். ஜனாஸா அன்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதைத் தவிருங்கள். முடிந்தால் காலையில் போகாமல் அஸருக்குப் பிறகு போங்கள். காலை ஆட்களாலேயே கழிந்துவிடும். எல்லோரும் போன பிறகு, கதிரைகளை எடுத்து வைக்கும் அந்த நேரம்தான் கனமானது. எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மாவின் கட்டிலில் போய் ஏறிக்கொண்டோம். ஐந்து பேருக்கு அந்தக் கட்டில் போதாது.

பெருநாள் அன்று மையவாடிக்குப் போவது பற்றி ஊரில் இரண்டு கருத்து இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. காக்கா நோன்பு இருபத்தெட்டிலேயே போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

உம்மாவின் இத்தா துல்கஃதா கடைசியில் முடிகிறது. அதற்குப் பத்து நாளைக்குப் பிறகு ஹஜ்ஜுப் பெருநாள். இளம் பச்சையில் ஒரு துணி பார்க்கச் சொல்லியிருக்கிறார், பூப் போடாதது. தங்கைதான் தைப்பதாக இருக்கிறது. இயந்திரத்துக்கு எண்ணெய் விட வேண்டும், பெல்ட்டும் ஒன்று மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.